இந்தக் கசிவு யாருடையது, சார்?

1885-ம் வருஷம். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், ஃபோர்ட் வெய்ன் என்கிற ஊர். அங்கே ஜேக் கம்பர் என்றொரு மளிகைக்கடைக்காரர். (பதற வேண்டாம், ராமாயணத்துக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!) கடையில் ஒரு மண்ணெண்ணெய்ப் பீப்பாய். அதை ஒட்டினாற்போல வெண்ணெய். பீப்பாய் கசிந்தது. வெண்ணெயில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று புகார் வந்தது. இப்படித்தான் அந்தக் கதையைச் சொல்வார்கள்.

தீர்வு கண்டவர் சில்வானஸ் பௌசர் என்கிற உள்ளூர்க்காரர். கைப்பிடியை இழுத்தால் அளவாக எண்ணெய் வரும்படி ஒரு பம்ப் செய்து கம்பருக்கு விற்றார். மோட்டார் கார் வந்ததும், 1905-ல் அதையே பெட்ரோலுக்குத் தோதாக மாற்றினார். பிசினஸ் பிய்த்துக்கொண்டு போனது. ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் பெட்ரோல் பம்ப்பை ‘பௌசர்’ என்றே சொல்பவர்கள் உண்டு. ஆக, நம் பெட்ரோல் பங்க்கின் கொள்ளுத்தாத்தா பிறந்ததே ஒரு கசிவுப் புகாரில்தான்!

சரித்திரம் பௌசரைக் கொண்டாடுகிறது. கெட்டுப்போன வெண்ணெயைப் பற்றி மூச்சே விடுவதில்லை. அதற்கு யார் பொறுப்பு? பீப்பாய் செய்தவரா, கடைக்காரரா, மோப்பம் பிடிக்காமல் வாங்கிப்போனவரா? இந்தக் கட்டுரை வெண்ணெயின் கட்சி!

கார்கள் பெருகின. பெட்ரோல், மண்ணெண்ணெய் மாதிரி சாது கிடையாது. ஒரு பொறி போதும். கடை, கடைக்காரர், வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே ஜோதியில் ஐக்கியம். தீயணைப்புத் துறையினர் யோசித்தார்கள். ‘டேங்க்கைப் பூமிக்குள் புதைத்துவிடுங்கள்’ என்றார்கள். அருமையான யோசனை! நெருப்பு பயம் போயிற்று, இடம் மிச்சம், பார்க்கவும் லட்சணம். கூடவே ஒரு போனஸ்: இனிமேல் கசிந்தால் யாருக்கும் தெரியாது.

புதைத்தது பெரும்பாலும் வெறும் எஃகு டேங்க். துருவுக்குக் காப்பு இல்லை, இரட்டைச் சுவர் இல்லை. ஈர மண்ணில் எஃகு என்ன ஆகும்? இதைக் கண்டுபிடிக்க ஐஐடி போக வேண்டாம். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்து வீடு வாங்கியவர் யாரைக் கேட்டாலும் ஜன்னல் கம்பியைக் காட்டுவார். ஆனால் உலகத்தையே எண்ணெய்க் கிணறாகப் பார்த்த மாபெரும் கம்பெனிகள் அதே எஃகைப் பல பத்தாண்டுகள் மண்ணில் இறக்கி, மேலே சிமென்ட் பூசி, நிம்மதியாக மறந்துபோயின.

பங்க் முதலாளி டேங்க்குக்குள் கோலை விட்டு ‘டிப்’ பார்ப்பார். கணக்கில் கொஞ்சம் குறையும். முதல் சந்தேகம் வெயில்மேல்: ஆவியாகியிருக்கும். இரண்டாவது, லாரி டிரைவர்மேல்: குறைத்து இறக்கியிருப்பான். மூன்றாவது, வேலை பார்க்கிற பையன்மேல். நான்காவதாக டேங்க்மேல் சந்தேகம் வருவதற்குள் பெட்ரோல் நிலத்தடி நீரைத் தொட்டிருக்கும். அதிலிருக்கிற பென்சீன் தண்ணீரில் கரைந்து, நாலு வீடு தள்ளி யாரோ ஒருவருடைய காலைக் காபிக்குப் புது மணம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இங்கேதான் சட்டம் வருகிறது. ‘குலை குலையா முந்திரிக்கா’ ஆடியிருக்கிறீர்கள்தானே? எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, ஒருவன் துணியை ஒளித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடி, யாராவது அசந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் போட்டுவிடுவானே? கசிந்த டேங்க் வழக்கும் அதுதான். துணிக்குப் பதில், சுத்தம் செய்த பில். உட்கார்ந்திருப்பவர்கள் கோட்டு போட்டிருப்பார்கள். வேறு வித்தியாசம் கிடையாது!

ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்தின் ஜான் ரைலண்ட்ஸ். மான்செஸ்டரின் பருத்தி ராஜா. அவர் நினைவாக அவர் மனைவி எழுப்பிய நூலகம் இன்றும் அந்த ஊரில் கோயில் மாதிரி நிற்கிறது. அப்பேர்ப்பட்டவர், லங்காஷயரிலிருந்த தன் மில்லுக்குத் தண்ணீர் வேண்டுமென்று ஒரு நீர்த்தேக்கம் கட்ட நினைத்தார். தானே மண்வெட்டி பிடிப்பாரா? எஞ்சினீயர், கான்ட்ராக்டர் எல்லாம் முறைப்படி அமர்த்தினார்.

தோண்டினார்கள். அடியில் பழைய சுரங்கக் குழிகள் தட்டுப்பட்டன. மண் மூடிக் கிடந்த குழிகள். சரியாக அடைக்க வேண்டும். அடைத்தால் செலவு, தாமதம். கான்ட்ராக்டர் என்ன செய்தார்? உலகம் முழுக்கக் கான்ட்ராக்டர்கள் செய்வதைத்தான். அப்படியே மேலே கட்டிக்கொண்டு போனார்!

1860 டிசம்பர் 11. நிரப்பிய கொஞ்ச நாளில் தண்ணீர் அந்தக் குழிகள் வழியே இறங்கி, பக்கத்தில் தாமஸ் ஃப்ளெட்சர் நடத்திய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விஜயம் செய்தது. ஃப்ளெட்சர் பம்ப் போட்டு இறைத்தார். அடுத்த ஏப்ரலில் பம்ப் வெடித்தது, மறுபடி வெள்ளம். அப்புறம்தான் சுரங்க இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்கள், குழிகள் வெளிச்சத்துக்கு வந்தன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பது ஒரு மனிதனுக்குத் தோன்ற நாலு மாதமும் ஒரு பம்ப்பும் செலவாகியிருக்கிறது!

வழக்கு கிட்டத்தட்ட ஏழு வருஷம் நடந்தது. ரைலண்ட்ஸ் கட்சி நியாயமாகத்தான் இருந்தது: அவர் கவனக்குறைவாக எதுவும் செய்யவில்லை, குழிகள் இருப்பதே அவருக்குத் தெரியாது. 1866-ல் நீதிபதி பிளாக்பர்ன் ஒரே போடாகப் போட்டார். தப்பித்துப் போனால் கெடுதல் செய்யக்கூடிய ஒன்றைக் கொண்டுவந்து உன் நிலத்தில் சேர்த்துவைத்தால், அது தப்பித்துப் போனதற்கு நீதான் பொறுப்பு. ‘ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்’ என்பதெல்லாம் செல்லாது. 1868-ல் பிரபுக்கள் சபையும் இதை ஆமோதித்தது. கெய்ர்ன்ஸ் பிரபு மட்டும், நிலத்தை ‘இயல்புக்கு மாறாக’ உபயோகித்தால்தான் என்று ஒரு வாலை ஒட்டிவைத்தார். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ வக்கீல் குடும்பங்கள் கரையேறிவிட்டன.

இதில் ஒரு தமாஷ். அந்தச் சபையில் அன்று வழக்கு கேட்கக் குறைந்தது மூன்று பிரபுக்கள் தேவைப்பட்டார்கள். பதிவாகியிருப்பது இரண்டே பேருடைய தீர்ப்பு: கெய்ர்ன்ஸ், கிரான்வொர்த். மூன்றாமவர் யார்? நூறு வருஷம் கழித்து, 1970-ல், ஹியூஸ்டன் என்ற சட்ட அறிஞர் இதைத் துப்புத் துலக்க ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. யார் பொறுப்பு என்று உலகத்துக்கே பாடம் எடுத்த தீர்ப்பு. அதற்கே பொறுப்பாளி ஒருவரைத் தேட வேண்டிய நிலை!

அப்பாடா, இனிக் கசியவிட்டவன் மாட்டினான் என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். 125 வருஷம் தள்ளி, அதே பிரபுக்கள் சபைக்கு வாருங்கள். கேம்பிரிட்ஜ் பக்கத்தில் சாஸ்டன் என்றொரு கிராமம். அங்கே ஒரு தோல் கம்பெனி. தோலிலிருந்து கொழுப்பை நீக்க, டிரை கிளீனிங் கடைகளில் பயன்படுகிற அதே ரசாயனம், பீப்பாய் பீப்பாயாக. பீப்பாயைச் சாய்த்து மெஷினில் ஊற்றுவார்கள். கொஞ்சம் சிந்தும். ‘காற்றில் காய்ந்துவிடும்’ என்று நம்பினார்கள். அது கான்க்ரீட்டைத் தாண்டி, சுண்ணாம்புப் பாறையைத் தாண்டி, நிலத்தடி நீருக்குள் குடிபோயிற்று.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி, 1976-ல், குடிநீர் கம்பெனி ஒன்று ஆசையாக ஒரு ஆழ்துளைக் கிணற்றை வாங்கியது. தோல் கம்பெனி சிந்துவதை நிறுத்தியதும் ஏறக்குறைய அதே வருஷம்! பிற்பாடு ஐரோப்பாவின் குடிநீர்த் தரக்கட்டுப்பாடு வந்தது. சோதித்துப் பார்த்தால், கிணறு முழுக்க டிரை கிளீனிங். கிணற்றை மூடிவிட்டு, புதுக் கிணறு தேடிய செலவுக்கு வழக்குப் போட்டார்கள். அப்பீல் கோர்ட் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. குடிநீர் கம்பெனி ஆபீசில் அன்றைக்குக் கேக் வெட்டியிருக்கலாம்.

1993-ல் கோஃப் பிரபு கேக்கைப் பிடுங்கினார். தரையில் சிந்திய ரசாயனம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணற்றைக் கெடுக்கும் என்று 1976-ல் ஒரு சாதாரண சூப்பர்வைசரால் ஊகித்திருக்க முடியுமா? முடியாது. ஆகவே பொறுப்பும் கிடையாது. கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: குழி இருப்பதே தெரியாத ரைலண்ட்ஸ் பணம் கட்டினார், கண்ணெதிரே சிந்திக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள்!

நம் ஊர் நீதிபதிகள் இந்த ஆங்கிலேய நாகரிகத்தையெல்லாம் முன்பே உதறியிருந்தார்கள். டெல்லியில் ஸ்ரீராம் தொழிற்சாலையில் 1985 டிசம்பரில் ஓலியம் வாயு கசிந்தது. மறு வருஷ டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி, ரைலண்ட்ஸ் தீர்ப்பையும் அதன் விதிவிலக்குகளையும் ஓரமாக வைத்துவிட்டு, ஆபத்தான தொழில் செய்பவனுக்குப் பொறுப்பில் விலக்கே கிடையாது என்று முழங்கினார். உலகச் சட்டப் புத்தகங்களில் இடம்பிடித்த முழக்கம். சரி, நஷ்டஈடு எவ்வளவு? அதற்கு நீங்கள் தனியாக வேறு கோர்ட்டில் வழக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

1996-ல் தோல் கதை வேலூருக்கு வந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்று அங்கே பொண்ணு கொடுத்தவர்களுக்குக்கூடத் தெரியும். நீதிபதி குல்தீப் சிங், கெடுத்தவனே கட்டு என்று தீர்ப்பளித்தார்: பாதிக்கப்பட்டவர்களுக்கும் கட்டு, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் மீட்கவும் கட்டு. உடனடி அபராதமாகத் தோல் ஷாப் ஒன்றுக்குத் தலா 10,000 ரூபாய். இங்கிலாந்தின் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலை. பாலாற்றோடு ஒப்பிட்டால்தான் கொஞ்சம் இடிக்கும்.

இனி அமெரிக்கா. நம்முடைய பெட்ரோல் டேங்க்குகள் அங்கேதான் லட்சக்கணக்கில் மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. எழுப்பிவிட்டது வேறொரு ஊர். நயாகரா அருவிக்குப் பக்கத்தில் லவ் கனால். அங்கே ஒரு பழைய வாய்க்காலில் ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து, மண்ணைப் போட்டு மூடி, 1953-ல் பள்ளிக்கூட வாரியத்துக்கு விற்றது. விலை 1 டாலர். பத்திரத்திலேயே எழுதிவிட்டார்கள்: அடியில் கழிவு இருக்கிறது, ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை. வாரியமும் கையெழுத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் கட்டியது. ‘டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்’ படிக்காமல் ‘ஐ அக்ரீ’ அமுக்குகிற நாம் ஒன்றும் புதுசாகக் கெட்டுப்போனவர்கள் அல்ல!

1978-ல் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் அந்த இடத்தைக் காலி செய்ய நேர்ந்தது. நாடே கொதித்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம் கொண்டுவந்தது. கொட்டியவன், கொண்டுபோனவன், இடத்தின் பழைய சொந்தக்காரன், புதுச் சொந்தக்காரன் யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். கொட்டின காலத்தில் அது சட்டப்படி சரி என்றாலும் விடமாட்டோம். ஒருத்தனிடமே முழு பில்லையும் நீட்டலாம். ஜிம்மி கார்ட்டர் அதில் கையெழுத்திட்டது 1980 டிசம்பர் 11. ஃப்ளெட்சரின் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து சரியாக 120 வருஷம், தேதிகூட மாறாமல்! முகூர்த்தம் குறித்த ஜோசியருக்குச் சரித்திர ஞானம் அதிகம்.

இவ்வளவு பயங்கரமான சட்டத்தின் மூலையில் ஒரு சின்ன வாக்கியம். ஆபத்தான பொருள் என்ற பட்டியலில் பெட்ரோலியம் சேராது. அவ்வளவுதான்! பென்சீன் தனியாகக் கசிந்தால் விஷம். பெட்ரோலுக்குள் உட்கார்ந்துகொண்டு கசிந்தால் கெட்டிக்காரப் பயணி, டிக்கெட் கேட்கக்கூடாது. ‘ஈயமும் பென்சீனும் கலந்த பெட்ரோலுக்குமா இந்தச் சலுகை?’ என்று 1989-ல் ஒரு வழக்கு ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் வரை போனது. நீதிபதிகள் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, ‘அதற்கும்தான்’ என்றார்கள்.

ஆனால் டேங்க்குகள் சட்டம் படிப்பதில்லை, கசிந்துகொண்டே இருந்தன. 1984-ல் காங்கிரஸ் தனியாக ஒரு சட்டம் போட்டு, நாட்டில் எத்தனை டேங்க் இருக்கிறது என்று பார்த்தது. சுமார் 20 லட்சம்! அப்புறம் வந்தது பெரிய கேள்வி: சொந்தக்காரன் யார்? 1984 நவம்பர் 8-க்குப் பிறகும் உபயோகத்தில் இருந்தால் இப்போதைய உரிமையாளர். அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தால், கைவிடும்போது யார் வைத்திருந்தாரோ அவர். பங்க்கை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவில் காலை நீட்டி உட்கார்ந்த தாத்தாவுக்கும் கடிதம் போகலாம். வீட்டைச் சூடாக்க எண்ணெய் வைத்திருக்கிற தொட்டிக்கு மட்டும் விலக்கு. வீட்டு எண்ணெய் நல்ல குடும்பத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும்!

1988-ல் விதிகள் வந்தன. டேங்க்கைத் துருப்பிடிக்காமல் மாற்று, இல்லையா எடுத்துவிடு. கெடு 1998 டிசம்பர் 22. முழுசாகப் பத்து வருஷம். மனித குலத்தை அறிந்த உங்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டுமா? இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் கடைசி நாளில் வெப்சைட் படுகிற பாட்டை, அந்த வருஷம் டேங்க் தோண்டுகிற கான்ட்ராக்டர்கள் பட்டார்கள்.

அதே விதியில் இன்னொன்று. கசிந்தால் சுத்தம் செய்யக் காசு இருக்கிறது என்று காட்ட வேண்டும். பெட்ரோல் விற்பவர்களுக்குச் சம்பவம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர். இன்ஷூரன்ஸ் எடுத்தால் போயிற்று என்கிறீர்களா? இன்ஷூரன்ஸ்காரர்கள் உங்களைவிட வேகமானவர்கள். 1970-களின் பாலிசியிலேயே, மாசு ‘திடீரென்று’ ஏற்பட்டால்தான் பணம் என்று எழுதியிருந்தார்கள். இருபது வருஷமாகச் சொட்டியது திடீரா? ‘எனக்குத் திடீரென்றுதானே தெரிந்தது!’ என்றான் பாலிசிதாரன். சிரிக்காதீர்கள், ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 1989-ல், எதிர்பாராததையும் திடீர் எனலாம் என்று ஒப்புக்கொண்டது. இப்படியெல்லாம் நடக்கும் என்று மோப்பம் பிடித்த கம்பெனிகள் 80-களின் நடுவிலேயே, மாசு என்றால் ஒரு பைசா கிடையாது என்று பாலிசியை மாற்றி எழுதிவிட்டு நடையைக் கட்டின. இன்ஷூரன்ஸ் கட்டாயமாகிற நேரத்தில் இன்ஷூரன்ஸ் காணாமல் போயிற்று!

இந்தக் கூத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதாநாயகர் கர்னல் சாண்டர்ஸின் வாரிசு, கேஎஃப்சி. லாஸ் ஏஞ்சலிஸில் அவர்கள் 1975-ல் ஒரு மனை வாங்கினார்கள். 1988-ல் கட்டட வேலைக்குத் தோண்டினால், மண் முழுக்க பெட்ரோலியம். கோழி வறுக்கிற எண்ணெய் வேறு, இது வேறு என்று அதிகாரிகளுக்குத் தெரிந்துவிட்டது. ‘சுத்தம் செய்’ என்று உத்தரவு. நல்ல பிள்ளையாக 2,11,000 டாலர் செலவழித்து மண்ணை அள்ளிச் சுத்தம் செய்தார்கள். அப்புறம், மனையின் பழைய சொந்தக்காரர்கள்மேல் வழக்கு: எங்கள் பணத்தைக் கொடு.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 1996 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். எழுதியவர் சாண்ட்ரா டே ஓகானர். நீங்கள் வழக்குப் போட்ட கழிவுச் சட்டம், உடனடி ஆபத்து இருந்தால்தான் செல்லும். ஆபத்து எங்கே? ‘சுத்தம் செய்துவிட்டோமே, யுவர் ஆனர்!’ அப்படியானால் ஆபத்து இல்லை. ஆபத்து இல்லையென்றால் வழக்கு இல்லை. அள்ளாமல் அப்படியே போட்டுவைத்துவிட்டு வந்திருந்தால், ‘நீ வந்து அள்ளு’ என்று பழைய சொந்தக்காரர்களை இழுத்திருக்கலாம். துணியைக் கையில் எடுத்தவன் ஆட்டத்தில் அவுட்!

இதிலிருந்து ஒவ்வொரு மனை உரிமையாளரும் என்ன பாடம் கற்றிருப்பார் என்று ஊகிக்க அமெரிக்கச் சட்டப் பட்டம் தேவையில்லை. தோண்டாதே. முகர்ந்து பார்க்காதே. முகர்ந்தாலும் வெளியே சொல்லாதே. கசிவுக்குச் சட்டம் போட்டவர்கள் அசத்தலாகத்தான் போட்டார்கள். முதலில் கை தூக்குகிறவனுக்கு என்ன பரிசு என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

வங்கிகள் என்ன செய்தன? பங்க் முதலாளி கடன் கட்டவில்லையென்றால் ஜப்தி செய்ய வேண்டும். ஜப்தி செய்தால் பங்க் வங்கிக்குச் சொந்தம். கூடவே அடியிலிருக்கிற ஓட்டை டேங்க்கும் சொந்தம்! மேனேஜர்கள் நடுங்கிப்போனார்கள். கடனாளியின் வாசலில் வங்கி தயங்கி நின்ற அபூர்வ காலம் அது. நெடுநாள் நீடிக்கவில்லை. கேஎஃப்சி தோற்ற அதே 1996-ல், கடன் கொடுத்தவர்களைக் காப்பாற்றத் தனிச் சட்டம் நிறைவேறியது. கோழிக்கு இல்லாத இரக்கம் வங்கிக்குக் கிடைத்தது.

இந்த நேரத்தில் காற்றைச் சுத்தம் செய்யக் கிளம்பினார்கள் பாருங்கள், அதுதான் கிளைமாக்ஸ். பெட்ரோல் நன்றாக எரிந்தால் புகை குறையும். அதற்கு ஆக்சிஜன் கலந்த சரக்கு சேர்க்க வேண்டும் என்று 1990-ல் சட்டம் சொன்னது. எண்ணெய் கம்பெனிகள் ஏற்கெனவே பழகிய மலிவான சரக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தன: எம்டிபிஇ. காற்றுக்கு நல்லது. தண்ணீரைக் கண்டால் மட்டும் ஓடிப்போய்க் கரைந்துவிடும், மற்றப் பெட்ரோலையெல்லாம் முந்திக்கொண்டு வெகுதூரம் போகும், துளி கலந்தாலும் தண்ணீரில் டர்ப்பன்டைன் வாடை அடிக்கும். இதைத்தான் லட்சக்கணக்கான ஓட்டை டேங்க்குகளில் ஊற்றினார்கள்!

1996-ல் சான்டா மோனிகா நகரம் தன் கிணறுகளை மூட வேண்டிவந்தது. ஊரின் தண்ணீரில் ஏறக்குறைய பாதி போயிற்று. இப்போது வட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பாருங்கள். பங்க்காரர்: நானா எம்டிபிஇ கலந்தேன்? எண்ணெய் கம்பெனி: என் டேங்க்கா ஓட்டை? இரண்டு பேரும் சேர்ந்து: கலக்கச் சொன்னதே அரசாங்கம்தானே! அரசாங்கம்: ஆக்சிஜன் வேண்டும் என்றோம், எம்டிபிஇ வேண்டும் என்றோமா?

ஜூரிகளுக்குப் பொறுமை தீர்ந்தது. லேக் டாஹோ என்கிற ஏரிக்கரை ஊரின் வழக்கில் 2002-ல், ஓட்டை எங்கேயோ இருக்கட்டும், இந்தக் கலவைப் பெட்ரோலே குறையுள்ள சரக்கு என்றார்கள். கம்பெனிகள் மொத்தம் 6 கோடியே 90 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டன. 2013-ல் நியூ ஹாம்ப்ஷயர் ஜூரி எக்ஸான்மொபிலை 23 கோடியே 60 லட்சம் டாலர் எடுத்துவைக்கச் சொன்னது. பௌசரின் பம்ப்பிலிருந்து கணக்குப் போட்டால், வெண்ணெய்க் கட்சிக்குக் கிடைத்த பெரிய வெற்றிகளில் ஒன்று!

நடுவில் டெக்ஸஸின் டாம் டிலே, பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவர், 2003-ல் எரிசக்தி மசோதாவில் ஒரு ஷரத்தை நுழைக்கப் பார்த்தார்: எம்டிபிஇ தயாரித்தவர்கள்மேல் இப்படி வழக்கே போடக்கூடாது. செனட் முரண்டு பிடித்தது. அந்த ஒரு ஷரத்துக்காக மொத்த மசோதாவும் கவிழ்ந்தது. ஒரு நாட்டின் எரிசக்திக் கொள்கையையே கவிழ்த்த பெருமை எந்த எதிரி தேசத்துக்கும் கிடைத்ததில்லை. டேங்க்கின் அடியிலிருந்த ஊசித்துளைக்குக் கிடைத்தது.

சரி, கடைசியில் யார்தான் துடைத்தார்கள்? சொல்கிறேன். 1986-லேயே காங்கிரசுக்கு ஒரு உண்மை புரிந்திருந்தது: கேட்டால் ஒருத்தனும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஆகவே விற்கிற ஒவ்வொரு காலன் பெட்ரோலுக்கும் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி போட்டு, கசிவு நிவாரண நிதி ஒன்றை உண்டாக்கினார்கள். ஆளே இல்லாத டேங்க், திவாலான முதலாளி, தலைமறைவான கம்பெனி எல்லாவற்றுக்கும் இந்தப் பானையிலிருந்து எடுக்கலாம். மாநிலங்களும் தங்கள் பங்குக்குத் தனித்தனி நிதிகள் தொடங்கின. இதுவரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதியாகி, அவற்றில் பெரும்பாலானவை சுத்தமும் செய்யப்பட்டுவிட்டன. நூறு வருஷ வழக்கு, பிரபுக்களின் தத்துவம், ஓகானரின் தர்க்கம் எதற்கும் மசியாத பில்லை, கார் ஓட்டியவன் தனக்குத் தெரியாமலே கட்டிவிட்டான்!

அப்படியானால் சுபமா? இருங்கள். நிதியில் பணம் சேர்ந்துகொண்டே போனது. பக்கத்திலேயே நெடுஞ்சாலை நிதி காலியாகிக்கொண்டிருந்தது. 2012-ல் காங்கிரஸ் கசிவு நிதியிலிருந்து 240 கோடி டாலரை எடுத்துச் சாலை நிதியில் ஊற்றியது. ருசி கண்டுவிட்டதால், 2014-ல் இன்னும் 100 கோடி. ஓட்டையை அடைக்க வைத்திருந்த பானையிலேயே ஓட்டை! ‘தப்பித்துப் போனதற்கு வைத்திருந்தவனே பொறுப்பு’ என்ற பிளாக்பர்னின் விதிப்படி இதற்குப் பொறுப்பு காங்கிரஸ்தான். வழக்குப் போட ஆசையிருந்தால் சொல்லுங்கள்; பிரபு ஒருவர் குறைந்தாலும் பரவாயில்லை, பெஞ்ச் கூட்டிவிடலாம்.